ஹோம்ஸா, கிறிஸ்டியா, ஜப்பானா: கொலையாளியை எங்கிருந்து தேடத் தொடங்கலாம்?

பழைய துப்பறியும் கதைகளுக்கு வழி கேட்டு என்னிடம் வருபவர்கள் இரண்டு ரகம். ஒரு ரகம், பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள். நாற்பது, ஐம்பது வயது இருக்கும். “வெட்டுக்குத்து, துரத்தல் எல்லாம் போதும் சார், உட்கார்ந்து யோசிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்க” என்பார்கள். இன்னொரு ரகம், ஏதோ ஒரு தொடரைப் பார்த்துவிட்டு மூலக் கதையைத் தேடி வரும் கல்லூரிப் பிள்ளைகள். இரண்டு தரப்பும் வந்து முட்டி நிற்பது ஒரே இடத்தில்தான். ஹோம்ஸில் ஆரம்பிப்பதா, அகதா கிறிஸ்டியிலா, இப்போது எல்லோரும் பேசுகிற ஜப்பான் நாவல்களிலா?

எதில் ஆரம்பித்தால் என்ன என்று கேட்கலாம். வேறு வகைக் கதையாக இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இங்கே அது செல்லாது. ‘யார் செய்தது?’ என்ற ஒரே கேள்வியில் நிற்கும் கதை மத்தாப்பு மாதிரி, ஒரு தடவைதான் கொளுத்தலாம். முடிவு தெரிந்த பிறகும் அந்தப் புத்தகத்தை வேறு சுகத்துக்காகப் படிக்கலாம். முதல் தடவை தூக்கிவாரிப் போட்டதே, அது மட்டும் திரும்பாது. எந்த மத்தாப்பை முதலில் கொளுத்துவது என்பதால்தான் இங்கே வரிசைக்கு மதிப்பு.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. பள்ளியில் படிக்கும்போது தெருமுனை வாடகை நூலகத்திலிருந்து ஒரு கிறிஸ்டி நாவலை எடுத்து வந்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு பாத்திரம் அறிமுகமாகும் இடத்தில், பெயரைச் சுற்றி ஒரு வட்டம், ஓர் அம்பு, ஓரத்தில் பென்சிலில் “இவன்தான்”. நான் புத்தகத்தை மூடினேன். மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஒரு நாள் வாடகை போனது. அந்த நாவலுக்கு மறுபடி வருகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஆட்டம் நியாயமாக நடக்கிறதா என்பது. துப்பறிபவர் பார்த்த தடயம் எல்லாம் நம் கண்ணுக்கும் காட்டப்படுகிறதா? 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதியவர், இதற்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். உலகம் அறியாத விஷம் கூடாது, ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக்கூடாது, முன்னறிவிப்பில்லாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவந்து நிறுத்தக்கூடாது என்று போகும். (கடைசி விதியை நம் சினிமாவுக்குப் பொருத்தினால் பாதிப் படம் தேறாது.) மறு வருஷம் லண்டனில் இந்த எழுத்தாளர்கள் சேர்ந்து ஒரு கழகமே தொடங்கினார்கள். வாசகரை ஏமாற்றும் குறுக்கு வழிகளில் போகமாட்டேன் என்று உறுப்பினர்கள் அரை விளையாட்டாக உறுதிமொழி எடுத்தார்கள். கிறிஸ்டியும் உறுப்பினர்.

இரண்டாவது, முடிவு ஏற்கெனவே கசிந்துவிட்டதா என்பது. என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இதுதான், பலரும் கணக்கில் எடுக்காததும் இதுதான். மூன்றாவது, ஒரு புதிருக்கு எத்தனை மணி நேரம் போகும். நான்காவது, மொழி: ஆங்கிலத்தில் படித்தால் எவ்வளவு மூச்சு வாங்கும், தமிழில் படித்தால் எது நழுவும். ஐந்தாவது, காசு. ஆறாவது, அந்தக் காலத்துக் கறை. இவர்கள் எழுதிய காலத்தில் இங்கிலாந்துக்குப் பாதி உலகம் சொந்தம். அந்தத் திமிர் சில பக்கங்களில் பல்லிளிக்கும். கேட்ட மூன்றோடு வேறு சிலரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன், யார் எவர் என்று கீழே வரும்.

| | ஆட்டம் நியாயமா | முடிவு கசிந்திருக்குமா | ஒரு புதிருக்கு நேரம் | ஆங்கிலம் | செலவு |
|---|---|---|---|---|---|
| ஹோம்ஸ் | அரைகுறை | சில கதைகள் மட்டும் | ஒரு மணிக்குள் | பழைய நடை, ஆனால் தெளிவு | இலவசம் |
| கிறிஸ்டி | மிக நியாயம் | புகழ்பெற்ற மூன்றும் ஆபத்தில் | இரண்டு மூன்று மாலை | எளிது | வாங்க வேண்டும் |
| ஃபாதர் பிரவுன் | குறும்பு கலந்த நியாயம் | அரிது | ஒரு மணி | கடினம் | இலவசம் |
| ஜான் டிக்சன் கார், ஜப்பான் | நியாயமோ நியாயம் | அரிது | மூன்று நான்கு மாலை | எளிது, பெயர்கள்தான் பாடு | கொஞ்சம் அதிகம் |
| வியோம்கேஷ், ஃபெலுடா | நடுத்தரம் | அரிது | ஒன்றிரண்டு மணி | எளிது | வாங்க வேண்டும் |

## ஷெர்லாக் ஹோம்ஸ்

ஆர்தர் கோனன் டாயில் 1887-ல் தொடங்கி 1927 வரை எழுதியவை 4 நாவல்கள், 56 சிறுகதைகள். புதிதாக வருபவர் செய்யும் தவறு, முதலில் வந்ததை முதலில் படிப்பது. 1887 நாவல் பாதியில் லண்டனை விட்டுவிட்டு அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போய்விடும். பலர் அங்கேயே புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். 1891 ஜூலையில் ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழில் தொடங்கி அடுத்த வருஷம் ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ என்று தொகுப்பாக வந்த 12 சிறுகதைகள்தான் சரியான வாசல்.

அந்தத் தொகுப்பின் இரண்டாவது கதையை எடுத்துக்கொள்வோம். செக்கச் சிவந்த தலைமுடிக்காரரான ஓர் அடகுக் கடைக்காரர் ஹோம்ஸிடம் வருகிறார். சிவப்பு முடி உள்ளவர்களுக்காக மட்டும் ஒரு சங்கம் இருக்கிறதாம். தினமும் 10 மணியிலிருந்து 2 மணி வரை அங்கே உட்கார்ந்து கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத வேண்டும். வாரம் 4 பவுண்டு சம்பளம். எட்டு வாரம் போனது. ஒரு நாள் காலையில் போனால், சங்கம் கலைக்கப்பட்டது என்று கதவில் ஓர் அட்டை. யாருக்கு இதனால் என்ன லாபம்? ஹோம்ஸ் அந்தக் கடைக்குப் போகிறார், வாசல் நடைபாதையைக் கைத்தடியால் தட்டுகிறார், கதவைத் திறந்த உதவியாளனிடம் வழி கேட்டுவிட்டுத் திரும்புகிறார். அவன் முகத்தைப் பார்க்கத்தானே போனீர்கள் என்று கூட வந்த நண்பர் வாட்சன் கேட்க, முகத்தை அல்ல, அவன் கால்சட்டையின் முழங்காலை என்கிறார். என்ன தெரிந்தது? எதிர்பார்த்ததுதான் தெரிந்தது என்கிறார். அவ்வளவுதான்.

ஹோம்ஸின் ருசியும் குறையும் இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடும். முழங்காலைப் பார்த்தார் என்று நமக்குச் சொல்கிறார்கள். முழங்காலில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை. நாம் வாட்சனோடு சேர்ந்து வாயைப் பிளந்து வேடிக்கை பார்க்கத்தான் முடியும், போட்டி போட முடியாது. ஹோம்ஸின் மறைமுகச் செலவு இதுதான். இதிலேயே பழகிவிட்டால் தடயத்தை நாமே பொறுக்கும் பழக்கம் வராது, வித்தைக்காரரை ரசிக்கும் பழக்கம்தான் வரும். அதன்பின் கிறிஸ்டியைப் படிக்கும்போதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இன்னொரு செலவு, கறைப் பக்கம். 1890 நாவலில் அந்தமான் தீவுவாசி ஒருவரை வர்ணித்திருக்கும் விதம் இன்றைக்குப் படிக்கக் கூசும்.

மற்றபடி, பஸ்ஸிலும் ரயிலிலும் துண்டு துண்டாகப் படிப்பவருக்கு ஹோம்ஸை மிஞ்சிய துணை கிடையாது. ஒரு கதை, ஒரு பயணம். டாயில் 1930-லேயே இறந்துவிட்டதால் காப்புரிமைத் தொல்லை இல்லை, இணையத்தில் இலவசமாகவே எடுத்துப் படிக்கலாம். முடிவு தெரிந்தாலும் பெரிதாகக் குடி முழுகாத வகை இது ஒன்றுதான். அடகுக் கடைக்காரர் கதையை நானே ஏழெட்டுத் தடவை படித்திருக்கிறேன்.

## அகதா கிறிஸ்டி

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1890-ல் டார்க்வே என்ற கடலோர ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது அதே ஊர் மருத்துவமனையில் மருந்து கலக்கும் பிரிவில் வேலை பார்த்தார். எந்தப் புட்டியில் எத்தனை சொட்டு அதிகமானால் ஆள் காலி என்ற அறிவு அங்கே கிடைத்தது. 1920-ல் வந்த முதல் நாவலிலேயே அது நன்றாகத் தெரியும். மொத்தம் 66 துப்பறியும் நாவல்கள். பெல்ஜியத்திலிருந்து அகதியாக வந்த மீசைக்காரத் துப்பறிபவர் எர்க்யூல் புவாரோ ஒரு பக்கம், செயின்ட் மேரி மீட் என்ற கிராமத்தில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் மிஸ் மார்ப்பிள் ஒரு பக்கம். மார்ப்பிள் நமக்குப் புதியவர் அல்ல. திண்ணையில் உட்கார்ந்தபடியே தெருவில் யார் வீட்டுக்கு யார் எப்போது வந்தார் என்று கணக்கு வைத்திருக்கும் பாட்டிகளை நாம் பார்த்ததில்லையா?

கிறிஸ்டி தடயத்தை அலமாரிக்குள் ஒளிப்பதில்லை. நடுக்கூடத்திலேயே வைத்து, மேலே ஈரத்துணியைக் காயப்போட்டுவிடுவார். துணியைப் பார்ப்போம், அடியில் இருப்பதைப் பார்க்கமாட்டோம். 1950-ல் வந்த மார்ப்பிள் நாவலான ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்’ தொடக்கம் ஒன்று போதும். கிராமத்து வீடுகளில் காலைச் சாப்பாட்டு வேளை. உள்ளூர்ப் பத்திரிகை வருகிறது. வரி விளம்பரப் பகுதியில், நாய்க்குட்டி விற்பனைக்கும் வேலையாள் தேவைக்கும் நடுவே ஓர் அறிவிப்பு: வெள்ளிக்கிழமை, அக்டோபர் 29, மாலை 6.30 மணிக்கு இன்ன வீட்டில் ஒரு கொலை நடைபெறும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்கவும். கல்யாணப் பத்திரிகை பாணியில் கொலைக்கு அழைப்பு! ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஊரே நல்ல உடை உடுத்திக்கொண்டு கிளம்புகிறது. கடைசியில் விடை தெரிந்ததும் முதல் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் பாருங்கள். எழுத்தாளர் பொய் சொன்ன இடம் ஒன்றுகூட இருக்காது. நாம்தான் மேம்போக்காகப் படித்திருப்போம்.

சரி, மறைமுகச் செலவுகள். முதலாவது கசிவு. 1926-ல் வந்த ரோஜர் ஆக்ராய்ட் நாவல், 1934-ன் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ், 1939-ல் வந்த பத்துப் பேர் தீவு நாவல் (இப்போதைய தலைப்பு ‘அண்ட் தென் தேர் வேர் நன்’). இந்த மூன்றின் முடிவுகளும் உலகப் பிரசித்தம். வினாடி வினாவில் வரும், மீமில் வரும், சினிமா விமர்சனத்தில் எவராவது போகிற போக்கில் உளறிவிட்டுப் போவார். இன்றுவரை இவை உங்கள் காதில் விழவில்லை என்றால் அது அபூர்வ அதிர்ஷ்டம். இந்தக் கட்டுரையில் மற்றதை எல்லாம் மறந்தாலும் சரி, இந்த மாதமே அந்த மூன்றையும் முடித்துவிடுங்கள். கசிந்துவிட்டதா? கவலை வேண்டாம். 1932-ன் ‘பெரில் அட் எண்ட் ஹவுஸ்’, மேலே சொன்ன 1950 நாவல், அப்புறம் 1942-ன் ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’. கடைசியாகச் சொன்னதில் 16 வருஷத்துக்கு முன் ஓர் ஓவியர் கொல்லப்பட்டிருக்கிறார், குற்றவாளி என்று தீர்ப்பான மனைவி சிறையிலேயே இறந்துவிட்டார். அன்றைக்கு அங்கிருந்த ஐந்து பேர் அதே நாளை ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். பாட்டே இல்லாமல் 1954-ல் வந்த ‘அந்த நாள்’ படத்தை ரசித்தவர்களுக்கு இது தித்திக்கும்.

இரண்டாவது செலவு யாரும் எச்சரிக்காதது: கிறிஸ்டியே கிறிஸ்டியைக் காட்டிக் கொடுப்பார். 1936-ன் ‘கார்ட்ஸ் ஆன் தி டேபிள்’ நாவலில் ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் விடை ஒரு வரியில் வெளியே வந்துவிடும். 1937-ன் ‘டம்ப் விட்னஸ்’ இன்னும் மோசம். புவாரோ பழைய வழக்குகளை அசைபோடும் சாக்கில் நான்கு நாவல்களின் குற்றவாளிப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிடுவார். இந்த இரண்டையும் பின்னால் தள்ளிவையுங்கள்.

மூன்றாவது, தரம் ஒரே சீராக இருக்காது. 1926 முதல் 1950 வரை பொற்காலம். எழுபதுகளில் வந்த சில நாவல்களில் முடிச்சே அவிழ்ந்து தொங்கும். அட்டை அழகாக இருக்கிறதே என்று எடுத்தவர் கையில் அது சிக்கினால், கிறிஸ்டி என்றாலே இவ்வளவுதானா என்று ஒதுங்கிவிடுவார்.

காசு விஷயம்: கிறிஸ்டி 1976 ஜனவரியில் இறந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு காப்புரிமை, அதாவது 2036 முடியும்வரை இங்கே இலவசம் கிடையாது. பழைய புத்தகக் கடைதான் ஏழைக்குத் துணை. வாங்கும் முன் கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஆனால் கடைசித் தாளைப் பார்க்கவும் கூடாது! நான் உள்ளங்கையால் எழுத்தை மூடிக்கொண்டு பக்க எண்ணை மட்டும் பார்ப்பேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்ப்பார்.

கறை இங்கும் உண்டு. 1939 தீவு நாவல் பிரிட்டனில் முதலில் வெளியானபோது தலைப்பிலேயே கறுப்பின மக்களைக் குறிக்கும் வசைச்சொல் இருந்தது. அமெரிக்கப் பதிப்பு 1940-லேயே அதை மாற்றிவிட்டது. பிரிட்டனில் பல பத்தாண்டுகள் ஆயின.

### தமிழில் படித்தால் என்ன நழுவும்

துப்பறியும் கதையை மொழிபெயர்ப்பவரின் பாடு தனிப் பாடு. நம் வினைமுற்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராது. இருட்டில் ஓர் உருவம் மாடிப்படியில் இறங்கியது என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு அடுத்த நான்கு வரியையும் பிடி கொடுக்காமல் ஓட்டிவிடலாம். தமிழில் ‘வந்தான்’ என்றால் பாதிச் சந்தேகநபர்கள் விடுதலை, ‘வந்தாள்’ என்றால் மீதிப் பாதி விடுதலை. ‘வந்தார்’ என்று எழுதித் தப்பிக்கலாம், ஆனால் கொலைகாரனுக்கு இத்தனை மரியாதையா என்று வாசகர் உஷாராகிவிடுவார்.

உறவுமுறை இன்னொரு தலைவலி. கிறிஸ்டி கதைகளில் பாதிக் கொலை உயிலுக்காக நடக்கிறது. ‘அங்கிள்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அவர் முந்நூறு பக்கம் சமாளிப்பார். தமிழில் அது மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று முதல் பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும். சொன்ன கணமே சொத்து எந்த வழியில் வருகிறது என்று நம் ஆள் கணக்குப் போட்டுவிடுவார். எழுத்துக்கூட்டலிலேயே தடயம் இருக்கும் நாவல்களும் உண்டு, எவை என்று சொல்லமாட்டேன். கிறிஸ்டியின் ஆங்கிலம் எளிது, பத்தாம் வகுப்பு ஆங்கிலம் போதும். முடிந்தவர்கள் ஆங்கிலத்திலேயே படியுங்கள்.

ஹோம்ஸைத் தமிழில் படித்தால் இவ்வளவு நஷ்டம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலத் துப்பறியும் கதைகளை எடுத்து, ஆளுக்கும் ஊருக்கும் நம் பெயர் சூட்டி, நம் வீட்டுச் சண்டைகளாகவே மாற்றி எழுதித் தள்ளினார்கள். அந்த வழி வந்ததுதான் நம் மாத நாவல்.

## ஃபாதர் பிரவுன்

ஜி.கே. செஸ்டர்டன் எழுதியவை. குடையும் காகிதப் பொட்டலமுமாகத் தடுமாறி நடக்கும் குட்டைப் பாதிரியார். பாவமன்னிப்புக் கூண்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே மனிதர்களின் கள்ளத்தனம் எல்லாம் அத்துப்படி. ஐந்து தொகுப்புகள்; 1911-ல் வந்த முதல் தொகுப்பின் 12 கதைகள் போதும். இவர் தடயம் தேடுவதில்லை, குற்றவாளியின் மனசுக்குள் போய் உட்கார்ந்து பார்க்கிறார். விடையைக் கேட்டதும் ‘அட, இவ்வளவுதானா’ என்று தோன்றும், மறுநாள் காலையில்தான் அதன் ஆழம் உறைக்கும். ஆங்கிலம் கடினம், வாக்கியம் வாக்கியமாக முரண் விளையாட்டு. வேற்று இனத்தாரைப் பற்றிய கசப்பான வரிகள் ஹோம்ஸைவிட இங்கே அதிகம். கதையைவிட நடையை ருசிப்பவருக்கும், கிறிஸ்டியில் பத்து முடித்துவிட்டு வருபவருக்கும் இது சரி. தொடக்கமாக வைக்கமாட்டேன்.

## பூட்டிய அறை: காரும் ஜப்பானும்

உள்ளே தாழ்ப்பாள். ஜன்னல் மூடியிருக்கிறது. வெளியே பனியில் காலடித் தடம் இல்லை. உள்ளே பிணம். இந்த ஒரே புதிரைத் தொழிலாகவே எடுத்துக்கொண்டவர் ஜான் டிக்சன் கார் என்ற அமெரிக்கர். 1935-ல் வந்த அவருடைய ‘தி ஹாலோ மேன்’ நாவலின் 17-ஆம் அத்தியாயத்தில் கதையையே நிறுத்திவிட்டு, துப்பறியும் டாக்டர் ஃபெல் பூட்டிய அறைக் கொலைகளின் வகைகளைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்வார். நாம் ஒரு துப்பறியும் கதைக்குள்தான் இருக்கிறோம், இல்லை என்று எதற்கு நடிக்க வேண்டும் என்று வேறு கேட்பார். படிக்கச் சுகமான அத்தியாயம். ஆனால் அதைப் படித்துவிட்டால் பூட்டிய அறைக் கதைகளின் உத்திகளில் பாதி தெரிந்துவிடும், அடுத்த பத்துக் கதைகளில் வியப்பு குறையும்.

ஜப்பானியர்கள் இந்தச் சரக்கை இறக்குமதி செய்து தங்கள் மண்ணில் நட்டார்கள். எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய வாயால் உச்சரித்து, அதையே புனைபெயராக்கி எடோகாவா ராம்போ என்று ஒருவர் எழுதினார் என்றால் பக்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் அங்கே துப்பறியும் கதைகளை எழுத விடவில்லை. போர் முடிந்த மறு வருஷமே, 1946-ல், செய்ஷி யோகோமிசோ தொடராக எழுதிய நாவல்தான் ‘ஹொன்ஜின் கொலைகள்’. ஒகயாமா பகுதிக் கிராமம், பழைய பெரிய குடும்பம், கல்யாண இரவு. நள்ளிரவில் அலறல், கோட்டோ என்ற நரம்பிசைக் கருவியின் விபரீதமான ஒலி. ஓடிப் போய்ப் பார்த்தால் மணமக்கள் இரத்த வெள்ளத்தில். வெளியே பனியில் குத்தி நிற்கிறது வாள். காலடித் தடம் இல்லை. துப்பறிய வருபவர் கசங்கிய உடையும் பரட்டைத் தலையுமாக இருக்கும் கிண்டாய்ச்சி. யோசிக்கும்போது தலையைச் சொறிவார், பதற்றத்தில் திக்குவார். குலப்பெருமை, சம்பந்தி வீட்டாரின் அந்தஸ்து, பங்காளிப் பகை... இங்கிலாந்து மாளிகையைவிட இந்த வீடு நமக்குப் பக்கம். ஆங்கிலத்தில் 2019-ல்தான் வந்தது, அதனால் முடிவு கசிந்திருக்க வாய்ப்பு குறைவு.

அங்கே எண்பதுகளில் ஒரு மறுமலர்ச்சி நடந்தது. யுகிட்டோ அயாட்சுஜி 1987-ல் எழுதிய ‘டெககன் ஹவுஸ்’ நாவலில், பல்கலைக்கழக மர்மக் கதைச் சங்கத்துப் பிள்ளைகள் ஏழு பேர் ஒரு தீவுக்குப் போகிறார்கள். ஒருவரையொருவர் எல்லரி, கார், போ, அகதா என்று பழைய எழுத்தாளர் பெயராலேயே கூப்பிட்டுக்கொள்வார்கள். கிறிஸ்டியின் 1939 தீவு நாவலின் தோளில் ஏறி நிற்கும் கதை இது. அதைப் படிக்காமல் இதற்குள் நுழைந்தால் பாதிச் சுவை வீண்.

செலவு? பெயர்கள். ஒரே குடும்பத்தில் ஒரே மாதிரி தொடங்கும் பெயர்களாக ஆறேழு பேர் வருவார்கள். ஒரு துண்டுத் தாளில் வம்சாவளி போட்டுப் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் ஒவ்வொரு தடவையும் போடுகிறேன். இன்னொன்று, உத்திதான் இங்கே ராஜா, மனிதர்கள் பல நாவல்களில் காய்கள்தான். குறுக்கெழுத்தும் சுடோகுவும் பிடித்தவர் கொண்டாடுவார். அழ வைக்கும் கதை தேடுபவர் சலிப்பார்.

## வங்காளம்

ஆங்கிலேயப் பாதிரியாரும் பெல்ஜிய மீசையும் ஒட்டவில்லை என்பவர்களுக்கு இந்த வாசல். சரதிந்து பந்தோபாத்யாயவின் வியோம்கேஷ் பக்ஷி 1932-ல் பிறந்தவர். ‘டிடெக்டிவ்’ என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது, தன்னைச் சத்தியான்வேஷி, அதாவது உண்மையைத் தேடுபவர், என்று சொல்லிக்கொள்வார். 32 முழுக்கதைகள், ஆசிரியர் 1970-ல் இறந்ததால் பாதியில் நின்ற ஒன்று. சொத்து, துரோகம், வீட்டுக்குள் புழுங்கும் ஆசை என்று முழுக்கப் பெரியவர்களின் உலகம். 1993-ல் தூர்தர்ஷனில் வந்த தொடர் பலருக்கு நினைவிருக்கும். சத்யஜித் ராயின் ஃபெலுடா 1965-ல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் தொடங்கியவர். சிறுவர்களுக்கு எழுதியதால் பெண் பாத்திரங்கள் மிகக் குறைவு, கொலையைவிடத் திருட்டும் பயணமும் அதிகம். ஃபெலுடா கதைகள் தமிழிலும் கிடைக்கின்றன. வங்காள வீட்டிலும் காக்கா (நம் சித்தப்பா) வேறு, மாமா வேறு என்பதால் நான் மேலே புலம்பிய உறவுமுறைச் சிக்கல் இங்கே எழாது.

புதிரின் இறுக்கத்தில் கிறிஸ்டிக்கு நிகர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து வயதுப் பிள்ளையோடு சேர்ந்து படிக்க வேண்டுமா? ஃபெலுடாதான், கேள்விக்கே இடமில்லை.

## படிப்பதா, பார்ப்பதா, கேட்பதா

டேவிட் சுஷே 1989 முதல் 2013 வரை 70 அத்தியாயங்களில் புவாரோவாக வாழ்ந்தார். ஜெரமி பிரெட்டின் ஹோம்ஸ் 1984 முதல் 1994 வரை. இரண்டும் அருமை. இருந்தும் கிறிஸ்டியை முதலில் திரையில் பார்ப்பது நஷ்டக் கணக்கு. மூன்று மாலை ஓட வேண்டிய மத்தாப்பு ஒன்றரை மணியில் எரிந்துவிடும். அதோடு, சின்ன வேடத்தில் பெரிய நடிகர் வந்து நின்றால் இவருக்குக் கடைசியில் வேலை இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா என்ன? ஹோம்ஸைப் பார்த்துவிட்டுப் படிக்கலாம், பாதகமில்லை.

ஒலிநூல் சமையலறைக்கும் நடைப்பயிற்சிக்கும் தோது. ஹோம்ஸுக்கும் பிரவுனுக்கும் பொருந்தும். புவாரோவுக்கு வேண்டாம். ‘அந்த மணி அடித்தபோது யார் எங்கே இருந்தார்?’ என்று நாற்பது பக்கம் பின்னால் புரட்டிப் பார்ப்பதில்தான் அந்த ஆட்டமே இருக்கிறது. காதால் பின்னோக்கிப் புரட்ட முடியாது.

## என் கணக்கு

முடிவுகள் இன்னும் காதில் விழாதவர் கிறிஸ்டியின் அந்த மூன்றில் ஆரம்பிக்கட்டும். தீவு நாவல், ஓரியன்ட் எக்ஸ்பிரஸ், ஆக்ராய்ட் என்ற வரிசையில். விழுந்துவிட்டவர் 1950 விளம்பர நாவலில். ஒரே மூச்சில் படிக்க நேரமில்லாதவரும் கையில் காசில்லாதவரும் ஹோம்ஸின் 1892 தொகுப்பில். கிறிஸ்டியில் ஐந்து முடித்துக் கை தேறியவர் ஜப்பானுக்குக் கப்பல் ஏறலாம். மாத நாவல் வேகத்துக்குப் பழகியவருக்கு ஒரு வார்த்தை: முதல் அறுபது பக்கம் தேநீரும் தோட்டமும் வானிலையுமாகத்தான் போகும். தாண்டிக் குதிக்காதீர்கள், தடயம் எல்லாம் அங்கேதான் கிடக்கிறது.

அந்தப் பென்சில் வட்ட நாவலுக்கு வருகிறேன். வாடகை நூலகத்தை மூடியபோது புத்தகங்களை எடைக்குப் போட்டார்கள். கட்டோடு வாங்கி வந்ததில் அது மறுபடி என் கைக்கு வந்தது. முடிவுதான் தெரிந்துவிட்டதே என்று ஆறேழு வருஷம் தொடவில்லை. ஒரு நாள் மின்சாரம் போன மதியம், வேறு எதுவும் இல்லாமல் எடுத்தேன். பதினோராம் பக்கத்து ஆளையே முறைத்துக்கொண்டு கடைசி வரை வந்தேன். அவன் இல்லை. அவனுக்கும் கொலைக்கும் சம்பந்தமே இல்லை. எவனோ ஒரு புண்ணியவான் வேண்டுமென்றே தப்பான பெயரைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தான்!

போன கோடையில் தம்பி மகள் அதை எடுத்துக்கொண்டு போனாள். பென்சில் எழுத்தை நான் அழிக்கவில்லை.